தின்றதைப் பார்த்தேன், கொன்றதைப் பார்க்கவில்லை

மைதிலி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ஓநாயைப் பற்றியும் அரைப் பக்கம் உன்னைப் பற்றியும் இருந்தது. அந்த அரைப் பக்கத்துக்குத்தான் இந்தப் பதில். இதன் ஒரு பிரதியை இங்குள்ள பத்திரிகை ஒன்றுக்கும் அனுப்புகிறேன். அதன் வாசகர்களுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். உனக்குத் தெரியாததும் இதில் இருக்கிறது. உன் ஞாபகத்தில் நான் கொஞ்சம் நல்லவளாக இருக்கிறேன். அதைத் திருத்துவதும் இந்தக் கடிதத்தின் வேலைகளில் ஒன்று.

நீ எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பார். நீ ஓநாய் ஆராய்ச்சி செய்யும் அந்தக் காய்ந்த பீடபூமியில், கிடையில் அடைத்திருந்த ஆடுகளில் ஏழு ஒரு விடியற்காலையில் செத்துக் கிடந்தன. நீ கழுத்துப்பட்டை மாட்டிய பெண் ஓநாயின் சிக்னல் அந்தப் பக்கமிருந்து வந்தது. நீ போய்ச் சேர்ந்தபோது அது தின்றுகொண்டிருந்தது. இப்போது ஒரு அதிகாரி தட்டச்சு செய்த தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார். 'பட்டை அணிந்த இந்த ஓநாயே ஆடுகளைக் கொன்றது என்று ஆராய்ச்சியாளர் உறுதி செய்கிறார்' என்ற வரிக்குக் கீழே உன் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் அந்த வட்டாரத்து ஓநாய்களைச் சுட்டுவிடலாம். போடாவிட்டால் உன் ஆராய்ச்சி அனுமதி இந்த மாதக் கடைசியோடு தீர்ந்துவிடும். "அம்மா, நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டு முடித்திருக்கிறாய்.

நான் என்ன செய்வேன் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

நீ ப்ளஸ் டூ படித்த வருஷம் அது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பதினெட்டாவது வருஷமாக விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். விலங்கியல் என்றால் தவளையை அறுப்பது. தவளை உயிரோடு இருக்கும்போது என்ன செய்யும் என்று பாடத்திட்டத்தில் இல்லை. நம் மாடியில் நின்றால் சாயங்காலத்தில் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து நரிகள் ஊளையிடுவது கேட்கும். அவை என்ன தின்கின்றன என்று ஒரு நாள் நீ கேட்டாய். பாடப்புத்தகத்தில் 'அனைத்துண்ணி' என்று இருந்தது. ஒரு பிராணியின் வாழ்க்கையை ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதைத்தான் கல்வி என்கிறோம். எனக்கு அன்று அது போதவில்லை. கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாத அயல்நாட்டுச் சஞ்சிகை ஒன்றில், ஓநாய்களின் கழுத்தில் சிறிய ரேடியோ கருவியைக் கட்டிவிட்டு, அவை எங்கே வேட்டையாடுகின்றன, எங்கே தின்கின்றன என்று தொலைவிலிருந்தே தெரிந்துகொள்கிறார்கள் என்று படித்தேன். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் மின்பிரிவில் இருந்தார். வீட்டுக்கு வந்தால் தெருவிலுள்ள ரேடியோப் பெட்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏன்னா, ஓநாய்க்கு மாட்டறதை நரிக்கு மாட்ட முடியுமா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நரிக்குக் கழுத்து இருக்கோன்னோ?" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சித் திட்டம்.

அப்பாவின் பழைய ரயில்வே பெல்ட்டிலிருந்து தோல் வந்தது. கருவிக்குள் தண்ணீர் புகாமல் மூடுவதற்குப் பல் கட்டும் பசைதான் சிறந்தது என்று சஞ்சிகையில் போட்டிருந்தது. தில்லை நகரில் ஒரு பல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "எந்தப் பல்லும்மா?" என்றார். "பல்லுக்கு இல்லை டாக்டர், கழுத்துக்கு" என்றேன். அவர் பசையைக் கொடுத்துவிட்டு, வாசல் வரை வந்து நான் பத்திரமாகப் படியிறங்குகிறேனா என்று பார்த்தார். கருவிக்கு உரிமம் வேண்டும் என்றார்கள், விண்ணப்பித்தோம். 'கருவி நிலையாக இயங்கும் முகவரி' என்ற கட்டத்தில் 'கொள்ளிடம் வடகரை, நாணல் புதர்' என்று எழுதினேன். உரிமம் வந்துசேர்ந்தபோது நரி உயிரோடு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணி வைப்பதில் கைதேர்ந்த ஒருவர் காயம் படாமல் ஒரு பெண் நரியைப் பிடித்துக் கொடுத்தார். நம்மிடம் இருந்தது ஒரே ஒரு பட்டை, ஒரே ஒரு நரி. அதற்கு நான் 'எண் ஒன்று' என்று பெயர் வைத்தேன். அறிவியல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நீ அதைக் 'கொள்ளிடத்தாள்' என்று கூப்பிட்டாய். பிறகு நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். குறிப்பேட்டில் மட்டும் எண் ஒன்று.

சிக்னல் வரும் திசையைக் கண்டுபிடிக்க ஒரு ஏரியல் வேண்டும். இலங்கை டி.வி. பார்ப்பதற்காக ஊரில் பணமுள்ளவர்கள் மாடியில் கம்பம் நட்டுக்கொண்டிருந்த காலம். அதே அலுமினியக் குழாயில் அப்பா இரண்டு ஏரியலும், அவற்றோடு சேர்த்துச் சிக்னலைக் கேட்க இரண்டு பெட்டியும் செய்தார். ஒன்றை மாடியில் நீ பிடித்துக்கொள்வாய். இன்னொன்றோடு நான் கொள்ளிடக் கரையில் நிற்பேன். வானொலியில் மணி அடிக்கும் நேரத்தை வைத்து நம் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டு, ஒரே நிமிஷத்தில் இருவரும் திசை பார்த்துக் குறித்துக்கொள்வோம். வரைபடத்தில் உன் கோடும் என் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நரி இருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் தொப்பியும் கையில் ஏரியலுமாக ஆற்று மணலில் நின்று சுற்றும் பெண்பிள்ளையைப் பார்த்து, கரையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள்:

"டீச்சர், படம் தெளிவா தெரியுதுங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"கொஞ்சம் ராமேஸ்வரம் பக்கமாத் திருப்பிப் பாருங்க."

எனக்கு டி.வி. டீச்சர் என்று பெயர் வந்தது இப்படித்தான். கல்லூரியில்கூட முதுகுக்குப் பின்னால் அதுதான் பெயர். நான் மறுக்கவில்லை. நரி பார்க்கிறேன் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது.

எங்கே போகிறது என்று கருவி சொல்லும். என்ன தின்கிறது என்பதற்கு வேறு வழி இல்லை. நரியின் எச்சத்தைப் பொறுக்கி வந்து, காய வைத்து, சலித்துப் பார்க்க வேண்டும். நம் மாடியில், உன் அத்தை வடாம் பிழிந்து காயப் போட்ட துணிக்குப் பக்கத்தில் நான் என் துணியை விரித்தேன். அத்தை வந்து குனிந்து பார்த்தாள்.

"மன்னி, இந்தக் கருவடாம் யார் போட்டது? நன்னா உருண்டையா இருக்கே!"

"நரி."

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் மாடிப் பக்கம் வரவில்லை. ஆராய்ச்சிக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. நண்டு ஓடு, வயல் எலியின் ரோமம், இலந்தைக் கொட்டை, பனம்பழ நார், எப்போதாவது ஒரு மயில் இறகு. ஆட்டு ரோமம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் நீ தீப்பெட்டிகளில் போட்டு ஒட்டிப் பெயர் எழுதினாய். அந்தத் தீப்பெட்டிகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

இனி அந்த விடியற்காலை. உன் கோடும் என் கோடும் வடகரைப் பனந்தோப்பில் வெட்டிக்கொண்டன. ஒரு மணி நேரம் சிக்னல் அசையவில்லை. ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் நின்றால் பெரிய இரை என்று அர்த்தம். நீ பள்ளிக்குக் கிளம்பிவிட்டாய். நான் பாலத்தைத் தாண்டி நடந்து போனேன். கொள்ளிடத்தாள் என்னைப் பார்த்ததும் நாணலுக்குள் போய்விட்டாள். தோப்பில் ஒரு வெள்ளாடு பாதி தின்னப்பட்டுக் கிடந்தது. மேட்டிலிருந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்து ஆடு வளர்க்கும் அஞ்சலையின் ஆடு. நான் அளந்தேன், படம் எடுத்தேன், குறிப்பேட்டில் எழுதினேன். பத்து மாதமாக எலியும் நண்டும் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் ஒரு வேட்டை கிடைத்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமிதம். வேட்டையாடியது நான்தான் என்பது போல நடந்து வந்தேன்.

நான்கு நாள் கழித்து அஞ்சலையின் ஊரிலிருந்து இருவரும், அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஒருவரும் கல்லூரிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பொது இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மற்ற எல்லோரும் நின்றார்கள். கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "டீச்சர் விஞ்ஞானி. அவங்க மெஷின்ல எல்லாம் பதிவாகியிருக்கு. அவங்களே சொல்லட்டும்" என்றார் அலுவலகத்துக்காரர். பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. நான் எழுந்து நின்று, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன கோணம் என்று சொன்னேன். "ஆக, நரி ஆட்டைக் கொன்று தின்றது உறுதியாகிறது" என்று முடித்தேன். கைதட்டினார்கள். அஞ்சலை கூட்டத்துக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆட்டை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன். தாளை நீட்டினார்கள். என் சொந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். மாவட்டச் செய்திகளில் ஒரு ஓரத்தில் என் பெயரோடு வந்தது. அதை நீ கத்தரித்து உன் கணக்கு நோட்டில் ஒட்டினாய்.

மைதிலி, உன்னை மிரட்டுகிறார்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. நாற்காலி போட்டார்கள், அவ்வளவுதான். மிரட்டுகிறவர்களை எதிர்த்து நிற்பது எப்படி என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். நாற்காலி போடுகிறவர்களை எதிர்த்து நிற்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த வகையில் நீ கொடுத்து வைத்தவள். உன்னிடம் வந்த ஆளுக்கு நாகரிகம் போதவில்லை.

அடுத்த வாரமே செத்த ஆடு ஒன்றில் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தடவிப் பனந்தோப்பில் போட்டார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சிக்னல்தான். கொள்ளிடத்தாளின் சிக்னல் நாணல் புதர் ஒன்றிலிருந்து வந்தது. மறுநாளும் அங்கிருந்தே வந்தது. மூன்றாம் நாளும் அசையவில்லை. நீ மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, "அம்மா, குட்டி போட்டிருக்கா! வளையை விட்டு வெளிலயே வரலை!" என்றாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குட்டி ஈனும் காலம்தான். உன் அத்தைகூட மனம் இளகி, "எத்தனை குட்டி மன்னி?" என்று கேட்டாள். நீ அக்காரவடிசல் கேட்டாய். நான் செய்தேன். நெய்கூடக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

ஐந்தாம் நாள், குட்டிகளைத் தூரத்திலிருந்து எண்ணலாம் என்று நான் மட்டும் போனேன். புதருக்குப் போவதற்கு முன்பே நாற்றம் வந்தது. வழியில் இரண்டு பருந்து, கணக்கில்லாத காக்கை, இன்னும் நான்கு நரி செத்துக் கிடந்தன. கொள்ளிடத்தாள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். கையில் வைத்திருந்த பெட்டி அப்போதும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் வேலை அவ்வளவு சுத்தம். நான் மண்டியிட்டுப் பட்டையைக் கழற்றினேன். பல் பசையைக் கல்லால் உடைத்து, பேட்டரிக் கம்பியை என் கையால் அறுத்தேன். மறுநாள் காலையில் நீ மாடியிலிருந்து, "அம்மா, சத்தமே வரலையே" என்றாய். "பேட்டரி தீர்ந்துபோயிருக்கும்" என்றேன்.

இதுதான் உனக்குத் தெரியாதது. உன் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நேர்முகத்தில், ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று கேட்டபோது, கொள்ளிடக் கரையில் குட்டிகளோடு வாழப்போன ஒரு நரியைப் பற்றிச் சொன்னதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. நீ இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம், என்னோடு பேசாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை நீ தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பட்டையைக் கழற்றிய அன்று சாயங்காலம் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அந்தப் பட்டையை மேஜைமேல் வைத்து, "உங்க பொட்டியை நம்பினேன். இப்படி ஆயிடுத்து" என்றேன். அவர் இருபத்தைந்து வருஷத்தில் என்மேல் கோபப்பட்டது அன்று ஒரு தடவைதான்.

"என் பொட்டி பொய் சொல்லலை. 'இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னுதான் அது சொல்லித்து. மத்ததெல்லாம் நீ சொன்னே."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அசையாமல் நின்ற சிக்னலைக் கேட்டு முதலில் கொலை என்று வாசித்தேன். அசையாமல் நின்ற அதே மாதிரி சிக்னலைக் கேட்டு இரண்டாவது தடவை பிரசவம் என்று வாசித்தேன். முதல் தடவை தின்றுகொண்டிருந்தாள், இரண்டாவது தடவை செத்துக் கிடந்தாள். நான் என் குறிப்பேட்டை எடுத்து ஆட்டைப் பற்றி எழுதியதை மறுபடி படித்தேன். 'தொண்டையில் பல் தடம். மணலில் ரத்தம் இல்லை. வயிறு உப்பல்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. உயிருள்ள ஆட்டின் தொண்டையைக் கடித்தால் ரத்தம் வராமல் எப்படி இருக்கும்? முதலாண்டு மாணவிக்கு நான் சொல்லித் தருவது இது. 'மிக நேர்த்தியான வேட்டை' என்று பக்கத்தில் குறிப்பு வேறு எழுதியிருந்தேன்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து இறங்குவது அவ்வளவு சுலபம் இல்லை. அடுத்த வருஷம் அதே ஊரிலிருந்து எலித் தொல்லை பற்றி ஒரு மனு அந்த அலுவலகத்துக்குப் போயிற்று. நிபுணர் கருத்துக் கேட்டு ஒரு நகல் எனக்கு வந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளை அடித்த அதே தட்டச்சு எந்திரம். 'ட' எழுத்து மட்டும் அதே மாதிரி வரியை விட்டு ஒரு படி மேலே ஏறி நின்றது. எலியைத் தின்னும் பிராணிகள் எவை என்று பதில் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு, எலிப்பொறி வாங்கும்படி எழுதிப் போட்டேன்.

கொள்ளிடத்தாள் செத்து ஏழு வருஷம் கழித்து உன் கடிதம் வருகிறது. படித்துவிட்டு, நேற்று முன்தினம் அஞ்சலையைத் தேடிக்கொண்டு போனேன். இப்போது ஆடு இல்லை. சமயபுரம் கோயிலுக்குப் போகும் வழியில் உப்பு, மிளகுப் பொட்டலமும் வேண்டுதல் தகடும் விற்கிறாள். தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டாள்.

"டி.வி. டீச்சரம்மாதானே! வாங்க, வாங்க. ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? என்ன வேண்டுதலு?"

"வேண்டுதல் இல்லை அஞ்சலை. ஒரு கேள்வி. பனந்தோப்புல நரி தின்னுதே, உங்க ஆடு…"

"ஆமா, அந்தச் செத்த ஆடு. (ஏம்மா, ரெண்டு பொட்டலம் போதுமா? குடும்பத்துக்கே கொட்டணும்னா அஞ்சா எடுத்துக்கங்க.) அதுக்கென்ன இப்ப?"

அவள் கடைப் பலகையின் ஓரத்தில் நான் உட்கார்ந்தேன்.

"அது எப்ப செத்தது?"

"முந்தின நா சாயங்காலமே வயிறு ஊதிச் செத்துப்போச்சு. நாந்தான் கால்ல கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போயி தோப்புல போட்டேன். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் நரி அடிச்சதுன்னு சொன்னீங்க?"

"நல்லாயிருக்கே கதை! நான் எங்க சொன்னேன்? நீங்கல்ல சொன்னீங்க! தொப்பியும் மெஷினுமா நின்னு அந்த மணி, இந்த மணின்னு அளந்து விட்டீங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்."

அழவில்லை, சிரித்திருக்கிறாள். அதையும் நான் தவறாகத்தான் வாசித்திருக்கிறேன்.

"அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நோவுல செத்துச்சுன்னு தெரிஞ்சா மிச்ச ஆட்ட ஊருக்குள்ள ஓட்ட விடுவாங்களா? நரிமேல போட்டா நரி வந்து நான் இல்லன்னு சொல்லப் போகுதா? எனக்கும் சௌகரியமாப் போச்சு." ஒரு பொட்டலத்தை மடித்துக் கட்டினாள். "ஆனா அந்த மருந்துல எங்க வெள்ளச்சியும் போயிருச்சும்மா. என் நாயி. அதுக்கு என்ன தெரியும், கறின்னு தின்னுருச்சு. அப்புறம் ஆடு மேய்க்கவே பிடிக்கல." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க கேக்கவே இல்லியே டீச்சரம்மா. ஆட்டப் பாத்தீங்க, காலடியப் பாத்தீங்க, பொட்டியக் கேட்டீங்க. என்னைய எங்க கேட்டீங்க?"

பத்து மாதம் அவள் வீட்டு வாசலைக் கடந்துதான் நான் தோப்புக்குப் போனேன். தண்ணீர்கூட வாங்கிக் குடித்திருக்கிறேன். ஆடு எப்போது செத்தது என்று ஆட்டுக்காரியைக் கேட்பது எந்தச் சஞ்சிகையிலும் முறையாகச் சொல்லப்படவில்லை.

கையோடு எழுதிக்கொண்டு போயிருந்த தாளை எடுத்தேன். முன்பு நான் கொடுத்த சான்று தவறு, நரி ஆட்டைத் தின்றதைப் பார்த்தேன், கொன்றதைப் பார்க்கவில்லை, கொன்றது என்று எழுதியது என் ஊகம், அதை வாபஸ் பெறுகிறேன் என்று நான்கு வரி. வாசித்துக் காட்டினேன். "அடியில நானும் போடறேன், குடுங்க" என்றாள். ரேகைக்கு மை தடவும் பெட்டியைத் தேடினேன். "ரேகையில்லம்மா, கையெழுத்து! முதியோர் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டேன்" என்று கோபித்துக்கொண்டாள். 'ஆடு முன்பே செத்தது' என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி, அஞ்சலை என்று போட்டாள். போடும்போது கடைக்கு வந்த ஒரு குடும்பம் முழுவதும் காத்துக்கொண்டு நின்றது.

நேற்றுக் காலை அதை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா இரண்டு தடவை வாசித்தார்.

"நரி செத்து ஏழு வருஷம் ஆச்சுங்களேம்மா. இத எந்த ஃபைல்ல போடறது?"

"நரி ஃபைல்ல."

"அத அழிச்சிருப்பாங்க."

"அப்ப புது ஃபைல் போடுங்க."

"இதனால யாருக்கும்மா பிரயோஜனம்?"

"எனக்கு" என்றேன். "வாங்கிக்கிட்டதுக்கு நகல்ல முத்திரை போட்டுக் குடுங்க." முத்திரை போட அதிகாரி வர வேண்டும் என்றார். வரட்டும் என்றேன். உட்காரச் சொன்னார். நாற்காலியைப் பார்த்தேன். பரவாயில்லை, நிற்கிறேன் என்றேன். ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

என் தவறு அச்சில் வந்தது. திருத்தமும் அச்சில் வரட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தின் பிரதி பத்திரிகைக்குப் போகிறது. போடுவார்களோ, பழைய செய்தி என்று எடைக்குப் போடுவார்களோ, தெரியாது. உன் அத்தைக்குத்தான் பயம். தில்லை நகரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பாங்கில் இருக்கிறான். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, 'வனத்துறை மாதிரி' என்று அத்தை சொல்லி வைத்திருக்கிறாளாம். "பேப்பர்ல இதெல்லாம் வந்தா அவா என்ன நினைச்சுப்பா மன்னி?" என்றாள். அவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்ளலாம் என்றேன். வேண்டுமானால் நீ கல்யாணம் செய்துகொள், வேண்டாமென்றால் விடு. ஆனால் ஓநாய் பார்க்கிறாள் என்பதை மறைத்துத்தான் உனக்கு மாப்பிள்ளை வர வேண்டுமென்றால், அந்த மாப்பிள்ளைக்கு இந்த வீட்டு வாசல் உயரம் போதாது.

இனி நீ செய்ய வேண்டியது. ஓநாய் கொல்லவில்லை என்று எழுதச் சொல்லவில்லை. ஓநாய் துளசித் தீர்த்தம் குடித்து வளர்வதில்லை, கொன்றிருக்கலாம். நாம் அதற்கு வக்கீலும் இல்லை. ஆட்டுக்காரரிடம் போ. முதல் தடவை பொய் சொல்வார். அவருக்கும் ஒரு காரணம் இருக்கும். மூன்றாவது தடவையும் போய் உட்கார். அந்த ஏழு தோலையும் யார் வாங்கிப் போனது என்று விசாரி. தொண்டைப் பக்கம் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு கடிபட்டது, இல்லையென்றால் இல்லை. பல்லின் இடைவெளியை அளந்து நாயா, ஓநாயா என்று பார். ஓநாய்தான் என்று தெரிந்தால், பயப்படாமல் அதையே எழுதிக் கையெழுத்துப் போடு. தெரியாவிட்டால், தெரியாது என்று எழுது. 'தெரியாது' என்று எழுதுவதற்குத்தான் நமக்கு இத்தனை படிப்பும் கருவியும். தெரியும் என்று சொல்வதற்கு அவர்களிடம் ஆட்கள் ஏராளம்.

அனுமதியை ரத்து செய்வார்கள் என்கிறாய். செய்யட்டும். அனுமதி இல்லாமல் நீ ஓநாயைப் பார்க்க முடியாது. அந்தக் கையெழுத்தோடு பார்த்தாலும் உனக்கு ஓநாய் தெரியாது. ஏழு வருஷமாக நான் மாடிக்குப் போனால் வடக்குப் பக்கம் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வா. மாடி இருக்கிறது, ஏரியல் இரண்டும் பரணில் இருக்கின்றன, அப்பா ஓய்வுபெற்று வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் ஒரு சாயங்காலம் அக்கரையில் ஊளை கேட்டதாக அவர் சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. ஆகவே கொள்ளிடத்தில் நரி இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். அவர் கேட்டார் என்று மட்டும் எழுதுகிறேன்.

முத்திரை போட்ட நகலை இதோடு வைத்திருக்கிறேன். மை போதாமல் கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் தேதி தெரிகிறது. உன் பதிலையும் இரண்டு பிரதி எழுதிக் கொண்டு போ. வாங்க மறுப்பார்கள், நாளை வா என்பார்கள், உட்காரச் சொல்வார்கள். உட்காராதே. முத்திரை விழும் வரை நில்.

அம்மா